தட்டிக்கு இருபுறமும்: சோசெகியின் ‘கொகொரோ’ பற்றி ஒரு மலையக வாசகனின் குறிப்புகள்

தமிழிலக்கிய மரபு நட்பினை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றி வந்துள்ளது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனை அதற்கு முன் ஒருநாளேனும் கண்டறியாத பிசிராந்தையார், பாண்டி நாட்டிலிருந்து வந்து அவன் வழியே உயிர் துறந்த செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகின்றது. திருவள்ளுவரோ நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கே ஒதுக்கினார். ஆயினும் இவற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகாமற் போகாது. கெட்ட நட்பு எனக் கூறப்படும் இடங்களிலெல்லாம் கெட்டவன் மற்றவனே. அவனை ஆராய்ந்தறிந்து விலக்குமாறே நமக்கு அறிவுரை கூறப்படுகின்றது. நண்பனை அழிப்பவன் நானாக இருந்தால் என்ன செய்வது, அதிலும் அவன்மீது கொண்ட பற்று மிகுதியாலேயே நான் அவனை அழிக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற வினா அங்கு எழவில்லை. அறநூல் எழுப்ப வேண்டிய வினாவும் அன்று அது. நாவலுக்குரிய வினா அது.

அவ் வினாவை இருவேறு தலைமுறைகளின் பல்கலைக்கழக மாணவரை வைத்து எழுப்பிய நாவல், யப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி (1867–1916) எழுதிய ‘கொகொரோ’ ஆகும். 1914 ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 11 வரை ‘அசாஹி’ நாளிதழில் 110 பகுதிகளாகத் தொடர்ந்து வெளிவந்து, அதே ஆண்டில் நூலுருப் பெற்றது. சோசெகி டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, 1907 இல் அப்பதவியைத் துறந்து பத்திரிகைக்கு எழுத வந்தவர். ஆதலின் விடுதி அறைகளையும் தங்குமனைகளையும் மாணவரின் வீறாப்பையும் கூச்சத்தையும் அருகிருந்து அறிந்தவர். நாவலை நான் ஆங்கில வழியாகவே படித்தேன். எட்வின் மக்கிளெல்லன் 1957 இலும், மெரடித் மக்கின்னி 2010 இலும் செய்த மொழிபெயர்ப்புகளே என் கைக்குக் கிட்டியவை. இருவருமே தலைப்பை மொழிபெயர்க்காது விட்டுள்ளனர். அச்சொல் உள்ளத்தையும் உணர்வையும் எண்ணத்தையும் ஒருங்கே குறிப்பதாம். ஆங்கிலத்துக்கு இது இடர்ப்பாடாயினும் நமக்கு அவ்வளவு இடர்ப்பாடில்லை. நெஞ்சொடு கிளத்தல் என ஓர் அதிகாரமே கண்ட மொழியில் ‘நெஞ்சு’ என்றே தலைப்பிட்டு இதனைத் தரலாம்.

கதை மூன்று பகுதிகளாலானது. முதற்பகுதியில் பெயர் கூறப்படாத மாணவனொருவன் கமக்குரா கடற்கரையில் ஒருவரைக் காண்கிறான். எங்கோ பார்த்த முகம் போலத் தோன்றுகிறது. நாள்தோறும் அதே நேரத்துக்குக் கரைக்குச் செல்கிறான், அவர் நீந்தினால் பின்னாலேயே நீந்துகிறான், பழக்கம் பிடித்துக்கொள்கிறான். பிறகு டோக்கியோவில் அவர் வீட்டுக்குப் போய்வரத் தொடங்குகிறான். அவர் பட்டதாரி, தொழில் எதுவும் செய்யாதவர், மனைவியோடு ஒதுங்கி வாழ்பவர், மாதந்தோறும் ஒரு கல்லறைக்குத் தனியே செல்பவர். அவனுக்கு அவர் ‘சென்செய்’. இரண்டாம் பகுதி, பட்டம் பெற்ற மாணவன் நோயுற்ற தந்தையிடம் ஊர் திரும்பியிருக்கும் நாட்களைப் பற்றியது. மூன்றாம் பகுதி சென்செய் அவனுக்கு எழுதும் மிக நீண்ட கடிதம். தம் மாணவப் பருவத்தில் ‘கே’ என்ற நண்பனுக்குத் தாம் இழைத்ததை அதில் அவர் முதன்முறையாகச் சொல்கிறார். கடிதம் அவன் கையிற் சேரும்போது அவர் உயிரோடிருக்கப் போவதில்லை.

‘சென்செய்’ என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆசிரியர், பெரியவர், மதிப்புக்குரியவர் என்ற பொருள்கள் யாவும் அதிலுண்டு. ‘ஐயா’ என்பதே பொருத்தம் எனச் சிலர் கூறக்கூடும். ஆனால் ஊவாவின் தோட்டமொன்றில் வளர்ந்த காதுக்கு ‘ஐயா’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் கணக்கப்பிள்ளைதான். பேர் போடுபவர், பேரை வெட்டவும் வல்லவர். ‘மாஸ்டர்’ என்றால் தோட்டப் பாடசாலை நினைவு வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பின் நாமெல்லோரும் ‘சேர்’ என்கிறோம். மரியாதைச் சொற்களில் எதுவும் நமக்கு வெறும் மரியாதைச் சொல்லாக வந்து சேர்வதில்லை. சோசெகியின் மாணவன் அச்சொல்லைத் தானே தேர்ந்து, கற்பிக்காத ஒருவரைக் குறிக்கப் பயன்படுத்துகிறான் என்பதை இங்கே மனங்கொள்ளல் வேண்டும். தனக்கு ஆசானொருவர் வேண்டும் என்ற பசி முதலில் இருக்கின்றது. ஆள் பிறகுதான் கிடைக்கிறார்.

இப்பசியின் இயல்பை நாவல் மிக நிதானமாகக் காட்டுகின்றது. நாவலின் போக்கில் சென்செய் அவனிடம் வெளிப்படையாகவே, நீ என்னைத் தேடி வருவது காதலை நோக்கிய ஒரு படி, எதிர்ப்பாலாரிடம் செல்வதற்கு முன் தன் பாலாரிடம் வந்திருக்கிறாய் என்ற கருத்துப்படக் கூறிவிடுகிறார். மேலும் ஒருவன்முன் மண்டியிட்ட நினைவே பின்னொருகால் அவன் தலையிற் கால் வைக்கத் தூண்டும் என்றும், எனவே இன்றைய உன் மரியாதை தமக்கு வேண்டாமென்றும் எச்சரிக்கிறார். முதல் வாசிப்பில் இது உலகை வெறுத்த ஒருவரின் கசப்புரையாகவே தோன்றும். மூன்றாம் பகுதிக்கு வந்த பின்பே அது வெறும் பொது உண்மையன்று, அவரது வாக்குமூலத்தின் முதல் வரி என்பது விளங்கும்.

ஏனெனில் ‘கே’யின் முன் மண்டியிட்டவர் அவரே. ஒரே ஊர்க்காரர், ஒன்றாகப் படித்தோர், டோக்கியோவுக்கு வந்து தொடக்கத்தில் ஓர் அறையையே பகிர்ந்தோர். அந்நகரை அஞ்சி ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வெளியே முறைத்த அவ்விருவரையும், மலையிற் பிடிபட்டுக் கூண்டிலடைபட்ட விலங்குகளுக்கு ஒப்பிடுகிறார் சோசெகி. பதுளையிலிருந்து வரும் புகையிரதத்தை விட்டு முதன்முறை இறங்கிய எவருக்கும் இவ்வுவமையை விளக்கத் தேவையில்லை. ‘கே’ பௌத்த குருவொருவரின் மகன். வைத்தியக் குடும்பமொன்றுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவன். வைத்தியம் படிப்பதாகச் சொல்லி அவர்களது பணத்தில் வேறு துறை பயில்கிறான். உண்மையைத் தானே எழுதி அறிவிக்கிறான். வளர்த்த வீடும் பெற்ற வீடும் அவனைக் கைவிடுகின்றன. அப்போதுதான் சென்செய் (அந்நாளில் அவரும் மாணவர்) அவனைத் தம் தங்குமனைக்கு அழைத்து வருகிறார். வீட்டுக்காரம்மா வேண்டாமென்று தடுக்கிறார். ‘கே’யும் இணங்கவில்லை. அவன் பிடிவாதத்தைத் தளர்த்த அவன்முன் மண்டியிடவும் அவர் தயங்கவில்லை. அவனது உணவுச் செலவை அவனறியாமல் தாமே கொடுக்கிறார். அவனோடு கதைத்து அவன் மனத்தை இளக்குமாறு வீட்டுக்காரம்மாவையும் அவர் மகளையும் கேட்டுக்கொள்கிறார்.

இவ்விடத்தில் நாவலின் நுட்பம் குறிப்பிடத்தக்கது. சாதாரணக் கதையாயின் இருவரும் ஒரு பெண்ணை விரும்பினர், ஒருவன் மற்றவனை வஞ்சித்தான் என முடிந்திருக்கும். இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பலர் அவ்வாறே சுருக்கியும் விடுகின்றனர். என் கருத்து அதுவன்று. சென்செய் அப்பெண்ணை ஏற்கெனவே விரும்புகிறார் என்பது உண்மையே. ஆனால் ‘கே’ அவளோடு சிரித்துப் பேசுவதைக் கண்டபின்பே அவ்விருப்பம் தாங்கவொண்ணாததாகின்றது. படிப்பிலும் மன உறுதியிலும் ‘கே’ தம்மைவிட மேலானவன் என்ற எண்ணம் சிறுவயது முதல் அவருள் வேரோடியிருக்கிறது. அவனை வீட்டுக்கு அழைத்து உணவளித்தமை அன்பினால்தான். ஆனால் ஒருமுறையேனும் தாம் மேலே நின்று அவனுக்குக் கொடுக்கும் நிலையிலிருக்க வேண்டும் என்ற ஆசையும் அவ்வன்பினுள்ளே ஒளிந்திருக்கிறது. கொடுக்கப்பட்ட இடத்தில் ‘கே’ மலரத் தொடங்கியதும் கொடுத்தவருக்குப் பொறுக்கவில்லை. இருவரும் விடுமுறையில் பொஷூ தீபகற்பத்தில் நடந்து திரிகையில், கடலோரப் பாறையில் அமர்ந்திருக்கும் ‘கே’யின் பிடரியை அவர் பின்னாலிருந்து சட்டென்று பற்றி, இப்படியே தள்ளிவிட்டால் என்ன செய்வாய் என்கிறார். ‘கே’ திரும்பிக்கூடப் பாராமல், நல்லதுதான், செய் என்கிறான். வாசகன் இதனை விளையாட்டு எனக் கடந்து போகவும் முடியாது, வன்மம் என முடிவுகட்டவும் முடியாது.

அடுத்து உயேனோப் பூங்காவில் நடப்பது இதனினும் கொடியது. ஆன்மிக முயற்சியில்லாதவனை மூடன் எனப் பழித்த ‘கே’யின் சொற்களை, அவன் காதலால் தளர்ந்து ஆலோசனை கேட்டு நிற்கும் வேளையில் அவனுக்கெதிராகவே திருப்பி வீசுகிறார் நண்பர். அவனை எங்கு குத்தினால் வலிக்கும் என்பதை அவனையே ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கிய ஒருவருக்குத்தான் தெரியும். பகைவனிடம் இவ்வறிவு இல்லை. பின்னர் நோயென்று பொய் கூறி வீட்டிலிருந்து, தாயிடம் பெண் கேட்டு இசைவும் பெற்றுவிடுகிறார். சில நாட்களின் பின் ‘கே’ தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

இந்நாவலின் உள்ளமைப்பு முழுவதும் ஒரு தட்டியைச் சுற்றியே இயங்குகிறது என்பேன். யப்பானிய வீட்டில் அறைகளைப் பிரிப்பது சுவரன்று. மரச்சட்டத்தில் தாளொட்டிய, பக்கவாட்டில் நகரும் தட்டி அது. சென்செய்க்கு எட்டுப் பாய் விரிக்கும் அறை. ‘கே’க்கு அதன் முன்னுள்ள நான்கு பாய் அறை. தம் அறைக்குச் செல்ல அவர் ‘கே’யின் அறையைக் கடந்தே ஆகவேண்டும். நடுவே தட்டி. மறுபுறம் அவன் விழித்திருக்கிறானா, என்ன நினைக்கிறான் என்று இவர் இரவெல்லாம் செவிசாய்க்கிறார். ஓரிரவு ‘கே’ தட்டியை இரண்டடி அளவு திறந்து, விளக்கொளியைப் பின்னால் வைத்துக் கரிய நிழலாக நின்று, உறங்கிவிட்டாயா என்கிறான். மறுநாள் கேட்டால் காரணம் எதுவுமில்லை என்கிறான். அவன் இறந்த இரவில் குளிர்காற்றுப் பட்டு விழித்தவர் காண்பது, அதே அளவு திறந்திருக்கும் அதே தட்டி. நிழல் மட்டும் நிற்கவில்லை. நண்பனின் உடலைக் கண்டதும் அவர் முதலிற் செய்வது அழுவதன்று. தமக்கென விடப்பட்ட கடிதத்தைத் தேடிப் பிரித்து, அதில் தம்மைக் காட்டிக்கொடுக்கும் சொல் எதுவுமில்லை என உறுதி செய்துகொண்டு, பிறர் காணும்படி அதனை மீண்டும் வைத்துவிடுகிறார். மனித உள்ளத்தைப் பற்றி இதைவிட அஞ்சத்தக்க பக்கத்தை நான் படித்ததில்லை.

இத்தட்டியைப் பற்றி எழுதும்போது லயக் காம்பிராவை நினையாதிருக்க முடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் கட்டப்பட்ட காம்பிராக்களில் மூன்று தலைமுறையும் ஒருங்கே உறங்கிய வாழ்க்கை, ஹாலி-எலையிலும் பசறையிலும் நமுனுக்குலையிலும் மடூல்சீமையிலும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அடுத்த காம்பிராவின் இருமலும் சண்டையும் சமையல் வாசனையும் தடுப்புக்கு மேலால் வந்து சேரும். தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் இந்நெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தையே எவ்வாறு தின்கிறது என்பதை எழுதினார். அவ்விதம் வளர்ந்த ஒருவனுக்கு, தாழ்ப்பாளிட்ட கதவுக்குள் தன்னந்தனியனாகவோ இன்னும் ஒரேயொருவனோடோ இருப்பது பல்கலைக்கழக விடுதியிலேதான் வாழ்வில் முதன்முறையாகக் கிட்டுகிறது. அதுவரை ‘நாங்கள்’ என்றே பழகிய மனத்துக்குத் திடீரென ‘நான்’ கிடைக்கிறது. அதனை என்ன செய்வது என்று தெரியவில்லை. எனவே எதிர்க்கட்டிலில் இருப்பவனிடம் அதனைக் கொடுத்துவிடுகிறோம்.

விடுதிகளில் இதனை எவரும் காணலாம். நண்பனின் பேச்சுவழக்கு இவன் நாவில் ஏறுகிறது. அவன் படிக்கும் நூலே நூல், அவன் வெறுக்கும் விரிவுரையாளரே வெறுக்கத்தக்கவர். அவன் வேறொருவனோடு தேநீர் அருந்தச் சென்றால் அன்றிரவு உறக்கமில்லை. விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொல்லாமல், பதுளை நகரில் தெரிந்த கடையொன்றின் விலாசத்தைக் கொடுப்பவரும் உளர். தோட்ட அலுவலகத்துக்குப் போகும் கடிதம் உரிய காலத்தில் கைக்கு வராது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது மெய்யான காரணமே. ஆனால் அதுமட்டுமே காரணமன்று. இத்தகைய பற்றில் நண்பன் ஓர் ஆளாக இருப்பதிலும் பார்க்க ஒரு நுழைவாயிலாகவே இருக்கிறான். அவ்வாயிலின் வழியே உள்ளே வந்தபின், வெளியே நின்ற காலத்தை அறிந்தவன் அவனே என்பதால் அவன்மேலே கோபம் பிறக்கிறது. மண்டியிட்ட நினைவைப் பற்றிச் சென்செய் கூறியதை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கிறேன்.

நாவலின் இரண்டாம் பகுதியைப் பலர் இணைப்புப் பாலம் என்ற அளவிலேயே மதிக்கின்றனர். பதினெட்டே அத்தியாயங்கள்தாம். ஆயினும் மூன்று பகுதிகளிலும் என்னை மிகவும் தைத்தது அதுவே. மாணவன் பட்டச் சான்றிதழைச் சுருட்டி மற்றப் பொருள்களோடு திணித்துக் கொண்டுவந்ததால் அது கசங்கிவிடுகிறது. தந்தை அதனை வீட்டின் மதிப்பான மாடத்தில் எல்லோரும் காண நிமிர்த்தி வைக்கிறார். அது நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுகிறது. சென்செய் தன் பட்டத்தைப் பெரிதாக எண்ணவில்லை என்பது மகனுக்கு உயர்வாகவும், தந்தை அதற்காக மகிழ்வது பட்டிக்காட்டுத்தனமாகவும் தோன்றுகிறது. அந்தச் சென்செய்யிடம் சொல்லி வேலையொன்று எடுத்துத் தரச் சொல் எனப் பெற்றோர் கூறுகின்றனர். ‘கெம்பஸ் முடித்தால் மாஸ்டர் வேலையாவது கிடைக்காதா’ என்று கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கேட்கும் நம் தாய்மாரின் குரலுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. முன்பொரு விடுமுறையில் தந்தையோடு சதுரங்கம் ஆடியபடியே அம்மாணவன் அவரையும் சென்செய்யையும் மனத்துள் ஒப்பிடுகிறான். சென்செய்யின் வலிமை தன் குருதியிற் கலந்துவிட்டதாக உணர்கிறான். பின் இவர் தன் தந்தை, அவர் அந்நியர் என்ற வெட்டவெளிச்சமான உண்மை ஏதோ புதிய கண்டுபிடிப்புப் போல அவனைத் திடுக்கிடச் செய்கின்றது. படித்த மகனுக்கும் படிக்காத தந்தைக்கும் இடையே விழும் பிளவை ஒரு சொல்லும் உரக்கப் பேசாமல் காட்டிய இடம் இது.

1912 யூலையில் மெய்ஜிப் பேரரசர் நோயுற்றிருக்கும் செய்திகளைத் தம் நோயோடு ஒப்பிட்டுக்கொண்டு தந்தை படுக்கையில் நலிகிறார். ஜூலை 30 இல் பேரரசர் இறக்கிறார். செப்டெம்பரில் அவரது இறுதிச் சடங்கு நாளன்று தளபதி நோகி மனைவியோடு உயிர்துறக்கிறார். தந்தையின் இறுதி நாட்களில் சென்செய்யின் கனத்த கடிதம் தபாலில் வருகிறது. அதன் கடைசிப் பக்கத்தைக் கண்டவுடன் மகன் தந்தையின் படுக்கையருகே நில்லாமல் நிலையத்துக்கு ஓடுகிறான். தாய்க்கும் தமையனுக்கும் நிலையத்திலிருந்து ஒரு துண்டெழுதி ரிக்சாக்காரனிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பெட்டியின் இரைச்சலில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்குகிறான்.

இனி, இத்தகைய உளவியல் நாவல்களைப் பற்றி நம் திறனாய்வு மரபில் நிலவும் ஐயத்துக்கு வருகிறேன். பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலைச் சமூக வளர்ச்சியோடு பொருத்தி நோக்கும் நெறியை நமக்குத் தந்தது. அந்நெறிக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அவர் வழி வந்தோர் சிலரிடம், அகத்தை எழுதுவது தனிமனிதவாதம், புறத்தை எழுதுவதே சமூகப் பார்வை என்றொரு எளிய பாகுபாடு குடிகொண்டுவிட்டது. ‘கொகொரோ’ இப்பாகுபாட்டை ஏற்காத நூல். சென்செய்யின் ஐயமனத்துக்கு அடிப்படை, பெற்றோர் இறந்தபின் சிறிய தகப்பனார் அவரது சொத்தை அபகரித்தது. ‘கே’யின் தனிமைக்கு அடிப்படை தத்து முறையும் அதற்குள் ஓடும் பணமும். சோசெகியே குழந்தையில் தத்துக் கொடுக்கப்பட்டவர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம். கிராமத்திலிருந்து தலைநகரப் பல்கலைக்கழகத்துக்கு இளைஞர் பெயர்ந்ததும், பழைய குடும்ப அமைப்புத் தளர்ந்து புதியது எதுவும் அவ்விடத்துக்கு வராததும் இங்கு ஒருவனின் உறக்கமின்மையாகவும் பொறாமையாகவும் உருவெடுக்கின்றன. இதனைச் சமூக நாவல் அன்று என்பதற்கு நான் காரணம் காணேன்.

நம் நாட்டிலும் இவ்வழி முற்றாக அடைபட்டிருக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிறி குணசிங்க 1960 இல் எழுதிய ‘ஹெவனெல்ல’ என்ற சிங்கள நாவல், கிராமத்து இளைஞனொருவன் அப்பல்கலைக்கழகச் சூழலில் நிலைகுலைவதை நனவோடை முறையில் காட்டியது. தமிழகத்தில் ஆதவன் ‘என் பெயர் ராமசேஷன்’ (1980) நாவலில் கல்லூரி மாணவனொருவனின் வேடங்களையும், வசதி படைத்த நண்பன் ராவின்பால் அவனுக்குள்ள கவர்ச்சியையும் எரிச்சலையும் எழுதினார். கெட்டிக்காரத்தனம் மிக்க நாவல் அது. ஆனால் அதன் நாயகன் தன்னைத் தானே மிக விரைவிற் கண்டுபிடித்து நகைத்துவிடுகிறான். நகைப்பு அவனைக் காப்பாற்றிவிடுகின்றது. ‘கே’யின் நண்பரை எதுவும் காப்பாற்றவில்லை.

மலையக நாவலை எடுத்துக்கொண்டால், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) என்று நாம் பெருமையோடு கூறத்தக்க வரிசை உண்டு. தெளிவத்தையார் ஊவாவின் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, 2022 இல் மறையும்வரை எழுதியவர் என்பது பதுளை மாவட்டத்தார்க்குத் தனிப் பெருமை. இவ்வெழுத்துகளின் நாயகன் பெரும்பாலும் ‘நாங்கள்’. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் முதலில் ‘நாங்கள்’ என்று எழுதியது இயல்பே. அன்றைய தேவையும் அதுவே. ஆனால் எழுபதுகளிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதன் பின், லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருவோர் தொகை சிறிது சிறிதாகக் கூடியது. அவர்கள் விடுதி அறைக்குள் என்ன ஆனார்கள், யாரைப் பற்றிக்கொண்டார்கள், யாரைக் கைவிட்டார்கள் என்று சொல்லும் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் தலைமன்னாரிற் கப்பலேறியவர்களோடு போய்விட்ட பாலிய நட்புகளும் அவ்வாறே. எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கடவுச்சீட்டு என்பது எழுதப்பட்டுள்ளது. ஒரே வாங்கில் இருந்த இரு சிறுவருள் எஞ்சியவன் பின்னர் யாரிடமும் எப்படிப் பழகினான் என்பது எழுதப்படவில்லை. போராட்டத்தைச் சொல்லாமல் மனத்தைச் சொல்வது துரோகம் என்ற அச்சம் நம் எழுத்தாளரிடம் இருக்கக்கூடும். லயத்துப் பிள்ளைக்கும் பொறாமையும் கபடமும் காதலும் நுட்பமாக இருக்க முடியும் என ஒப்புக்கொள்வதும் அம்மக்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

‘கொகொரோ’ குறையற்ற நாவலன்று. மூன்றாம் பகுதிக் கடிதம் நாவலின் செம்பாதியைக் கவர்ந்துகொள்கிறது. அவ்வளவு நீண்ட கடிதத்தை ஒருவர் எழுதி உறையிலிட்டார் என நம்புவதற்கு வாசகனின் தயவு வேண்டும். தளபதி நோகியின் இறப்பைத் தம் முடிவுக்குக் காரணமாகச் சென்செய் இணைத்துக்கொள்வது வலிந்து கட்டியதாகவே எனக்குப் படுகிறது. ஒரு யுகத்தின் முடிவு என்ற பெரிய சொல்லுக்குள் தம் சிறிய குற்றத்தை மறைத்துக்கொள்ளும் தந்திரமாகவும் அதனைப் படிக்கலாம். ஆனால் ஆசிரியர் அவ்வாறு படிக்கச் சொல்கிறாரா என்பது தெளிவில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை மனைவியைப் பற்றியது. அவளைப் பற்றியே எல்லாம் நிகழ்கின்றன, அவளிடம் எவரும் எதையும் சொல்வதில்லை. கணவர் ஏன் மாறினார், தன் பிழை என்ன என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே கேட்டு வருந்துகிறாள். அவள் நினைவு கறைபடக் கூடாது என்று சென்செய் கடைசிவரை மறைக்கிறார், இரகசியத்தைக் காக்குமாறு மாணவனையும் கேட்கிறார். ஆண்கள் இருவர் தம் நட்பின் துயரைத் தமக்குள்ளேயே கடத்திக்கொள்ள, ஒரு பெண் அறியாமையில் வைத்துக் காக்கப்படுகிறாள். இதனைத் தூய்மை என்று நாவல் சில இடங்களில் நம்பிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அதனைக் குறையென்பதா திறனென்பதா என என்னால் முடிவுகட்ட இயலவில்லை. கடிதத்தோடு நாவல் முடிந்துவிடுகின்றது. புகையிரதத்தில் அமர்ந்து அதனைப் படித்த மாணவனிடம் கதை திரும்பவேயில்லை. அவன் டோக்கியோ சேர்ந்தானா, அங்கு என்ன கண்டான், ஊரில் தந்தையின் மூச்சு எப்போது நின்றது, அவ்வேளையில் தாயின் அருகே யார் இருந்தார் என்ற எதற்கும் விடையில்லை. சென்செய்யின் கடிதத்தை முடித்ததும் டோக்கியோ வாசகர்கள் அவருக்காக வருந்தியிருக்கக்கூடும். ஊவாவிலிருந்து படிக்கும் நான் இரண்டாம் பகுதியின் கடைசிப் பக்கத்துக்குத் திரும்பி, ரிக்சாக்காரன் கொண்டுபோன அத்துண்டுக் கடிதம் அவ்வீட்டு வாசலை எப்போது அடைந்திருக்கும் என்றுதான் தேடினேன்.